அரைப்புள்ளியின் அடுப்பு

எங்கள் அப்பச்சிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முதலில் முடிவு கட்டியவர் பெரிய அண்ணன். அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா, ஆத்தா என்றால் அம்மா. அவர் யாரையும் அடிக்கவில்லை, வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தெருவில் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் உள்முற்றத்து வளவில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குத் தனியா ஒரு அடுப்பு வேணும். இனிமே நானே பொங்கித் தின்னுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். பெரிய அண்ணன் கையிலிருந்த காப்பியைத் தன் மடியில் ஊற்றிக்கொண்டார்.

இதில் என்ன பைத்தியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்கு எங்கள் வீட்டு அடுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்குடியில் எங்கள் வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவர்களுக்குத் தைப்பொங்கலுக்குள் கேட்டுவிடும். ஆனால் இவ்வளவு பெரிய வீட்டில் ஒரே சமையல் கிடையாது. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள் போனதும் அவனையும் மனைவியையும் 'வேறு வைத்து' விடுவார்கள். ஒரே கூரை, ஒரே வாசல், ஆனால் தனி அறை, தனி அரிசி, தனி அடுப்பு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயில் கணக்கிலும் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு மூன்று அண்ணன்மார். ஆகவே வீட்டில் மூன்று அடுப்பு. ஆத்தாவின் அடுப்போடு நான்கு.

இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஓர் அடுப்புக்காரி அடுத்த அடுப்பின் சட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. வாசனை பிடிக்கலாம், யூகிக்கலாம், இரண்டு நாள் கழித்து "அன்னைக்கு உங்க வீட்டில மிளகாய் கொஞ்சம் தீஞ்சிருச்சோ?" என்று அக்கறையாக விசாரிக்கலாம். மூடியைத் திறந்தால் மட்டும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இருக்காது.

என் பாடு வேறு. நான் கடைக்குட்டிப் பெண். தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அறுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரர் மலாயாவில் கடையைப் பார்க்கப் போயிருந்ததால் நான் தாய்வீட்டுக்கு வந்து சில மாதம் இருந்தேன். எனக்கு அங்கே அடுப்பு கிடையாது. எங்கே வாசனை நன்றாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். மூன்று அடுப்படிக்கும் போய்வர உரிமை உள்ள ஒரே பூனை நான்தான். அப்படிப்பட்ட பூனைக்கே இந்த விஷயம் கடைசி வரை தெரியவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஆத்திரம்.

நான் போவதற்கு முந்தின வருடம் ஆத்தா இறந்துபோனார். அவருடைய அடுப்பில் சாம்பலை அள்ளி, மெழுகி, அந்த அடுப்படிக் கதவைச் சாத்தினார்கள். மனைவி போனால் கணவன் கோயில் கணக்கில் அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்கு அடுப்பு எதற்கு? காலைப் பலகாரம் பெரிய அண்ணன் அடுப்பில், மத்தியானச் சாப்பாடு நடு அண்ணன் அடுப்பில், இராத்திரிப் பால் பழம் சின்ன அண்ணன் அடுப்பில் என்று அப்பச்சிக்கு முறை வைத்தார்கள். அண்ணன் மனைவியை நாங்கள் அண்ணமிண்டி என்போம். மூன்று அண்ணமிண்டிகளும் கைமணம் உள்ளவர்கள். மாமனாரை ஒரு நாள்கூடப் பட்டினி போட்டதில்லை. அப்படியிருக்கும்போது அவர் அடுப்பு கேட்டால் ஊர் யாரைப் பேசும்?

"மூணு மருமக இருந்தும் மாமனார் புகையில கிடந்து வேகுறாருன்னு சொல்ல மாட்டாகளா அப்பச்சி?" என்றார் பெரிய அண்ணன், வேட்டியை உதறிக்கொண்டே.

"ஊரு சொல்றதை ஊரு பார்த்துக்கிரும். கோயில் கணக்கில நான் அரைப்புள்ளி, சரி. வீட்டுக் கணக்கில அந்த அரையும் கிடையாதா?" என்றார் அப்பச்சி.

அதற்கு அடுத்த நாள் அவர் ஆத்தாவின் அடுப்படிக் கதவைத் திறந்து உள்ளே வெறுமனே உட்கார்ந்திருந்தார். அதற்கும் அடுத்த நாள் ஒரு தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அத்தோடு முடிந்தது. சின்ன அண்ணன் தீப்பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நடு அண்ணன் கதவுக்குப் பூட்டுப் போட்டார். பெரிய அண்ணன், "ஆத்தா போனதில அப்பச்சிக்கு மூளை கலங்கிருச்சு" என்று மெதுவாகச் சொன்னார். பெண்டாட்டி போன துக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதை அந்த மனுஷர் எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம். வீட்டுக்குள்தான் இருந்தார்.

அதன்பிறகு நடந்ததை நான் பின்னால் தெரிந்துகொண்ட வரிசையில் சொன்னால் சுவாரசியம் போய்விடும். அன்றைக்கு எங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே சொல்கிறேன்.

முதலில் அப்பச்சிக்குக் காலையில் தூக்கம் வந்தது. பலகாரம் முடித்து, காப்பி குடித்து, தூணில் சாய்ந்தார் என்றால் பத்து மணி வரை அசைய மாட்டார். ஒரு நாள் தபால்காரர் வந்து அவரைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உள்ளே வந்தார். அப்பச்சி அந்த நேரம் பார்த்துக் குறட்டை விட்டார். தபால்காரர் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவே எங்கள் பின்வாசலில் கூடிவிட்டது.

அப்புறம் சிரிப்பு வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் ஆரம்பிக்கும். எங்கள் அப்பச்சி ஆயுளில் மொத்தமாகவே ஏழெட்டுத் தடவை சிரித்தவர், அதிலும் பாதி சம்பந்திகளுக்காக. அவர் இப்போது முற்றத்தில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரிக்கிறார். ஒரு நாள் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு காயை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"ஆத்தா, இதுக்கு யாரு தொப்பி வச்சு விட்டது?" என்று கேட்டார். மகளையும் ஆத்தா என்றே கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"கடவுள்தான் அப்பச்சி."

"எல்லாத்துக்கும் ஒரே அளவுல தச்சிருக்காரு பாரு!" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன், ஏனென்றால் எனக்கும் அப்போது சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவதாக ஓட்டம். இராத்திரிப் பால் குடித்துப் படுத்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து, சொம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவார். வருவார், படுப்பார், மறுபடி ஓடுவார். முகப்பிலிருந்து கொல்லை வரை எங்கள் வீட்டில் ஓடுவது சின்ன வேலை இல்லை. நடுவில் மூன்று முற்றம், ஏழு படி. எழுபது வயதில் அவர் அந்தத் தூரத்தைக் கடந்த வேகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவருக்கு உடம்பில் கோளாறு என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே மனசில்தான் கோளாறு என்றார்கள்.

உண்மை இதுதான். அண்ணன்மார் மூவரும் தனித்தனி அடுப்புக்காரர்கள் அல்லவா, வைத்தியமும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். "எங்க அப்பச்சிக்குப் பைத்தியம்" என்று வெளியில் முதலில் சொன்னவன் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. பெரிய அண்ணன் ஓர் இங்கிலீஷ் டாக்டரிடம் போய், "தனியா உட்கார்ந்திருக்காக, என்னமோ நினைப்பு" என்று சொல்லி, மனசு அடங்குவதற்கு மாத்திரை வாங்கி வந்தார். அதைப் பெரிய அண்ணமிண்டி பொடித்துக் காலைக் காப்பியில் கலக்கினார். நடு அண்ணன் ஒரு வைத்தியரிடம் போய், துக்கம் மறப்பதற்கு லேகியம் வாங்கி வந்தார். அதில் என்ன இலை சேர்த்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கத்தரிக்காய்த் தொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். நடு அண்ணமிண்டி அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சீரணத்துக்கு என்று இனிப்பில் உருட்டிக் கொடுத்தார். சின்ன அண்ணமிண்டிக்கு வைத்தியர்களிடம் நம்பிக்கை இல்லை. பைத்தியம் என்பதே தலைக்கேறிய பித்தம், பித்தத்தை இறக்க வழி ஒன்றுதான் என்று அவர் தாய்வீட்டில் சொல்வார்களாம். கோவிலூர்ப் பாதையில் இருந்த ஒரு நாட்டு மருந்துக் கடையில் பேதி மருந்து வாங்கிப் பனங்கற்கண்டுப் பாலில் கரைத்துவிட்டார்.

காப்பி அடங்க வைத்தது, லேகியம் சிரிக்க வைத்தது, பால் ஓட வைத்தது. சட்டிக்குள் எட்டிப் பார்க்காத குடும்பம் ஆகையால் ஒருவர் மருந்தின் பலனை மற்ற இருவரும் வியாதி என்று எண்ணினார்கள். அப்பச்சி சிரிக்கிறார் என்று பெரிய அண்ணன் டாக்டரிடம் சொல்ல, அவர் மாத்திரையைக் கூட்டினார். அப்பச்சி பகலில் தூங்கிச் சோர்கிறார் என்று நடு அண்ணன் சொல்ல, வைத்தியர் லேகியத்தைப் பெரிய உருண்டையாக உருட்டச் சொன்னார். சிரிப்பும் தூக்கமும் பித்தத்தின் உச்சம் என்று சின்ன அண்ணமிண்டி கைப்பிடியைத் தாராளமாக்கினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே ஒரு பிள்ளையாரைப் பிடிக்க மூன்று குரங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், மருந்து கொடுத்த மூன்று பேரில் ஒருவர்கூட அப்பச்சியை நேரில் பார்த்து நாடி பிடித்ததில்லை. மருந்து சாப்பிடுகிறவருக்கே தான் மருந்து சாப்பிடுவது தெரியாதபோது வைத்தியர் எதற்கு நாடி பிடிக்க வேண்டும்?

அப்பச்சி கண்ணாடியில் தன் முகத்தை வெகுநேரம் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நான் சரியாத்தான் இருக்கேனா ஆத்தா? காலையில என்ன நினைச்சேன்னு மத்தியானம் தெரியமாட்டேங்குது" என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கீக அப்பச்சி" என்று பொய் சொன்னேன். அது உண்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

இதற்கிடையில் பெரிய அண்ணன் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பள்ளத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் பேசி முடிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன்மார் மூவரும் அன்றைக்குத்தான் ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்தார்கள். பைத்தியம் இருக்கிற வீட்டில் பெண் எடுப்பார்களா? பேச்சு முடிகிற வரை அப்பச்சியைக் கண்ணில் காட்டக் கூடாது. முடிந்ததும் பட்டணத்துக்குக் கூட்டிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும்.

"சேர்த்துட்டு?" என்று நான் கேட்டேன்.

"சேர்த்துட்டு வந்துற வேண்டியதுதான்" என்றார் பெரிய அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

ஓர் அடுப்பு கேட்ட மனுஷருக்கு, ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் ஒரு கட்டில். அப்பச்சிக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "சொன்னாப் புரியவா போகுது?" என்றார்கள். நான் கத்தினேன், அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன். மூன்று அடுப்பிலும் சாப்பிட மாட்டேன் என்று சொன்னதால் யார் அடுப்பு என்னைச் சமாதானப்படுத்துவது என்று அவர்களுக்குள் தெளிவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

சம்பந்தி வருகிற நாளும் வந்தது. அப்பச்சியை இரண்டாங்கட்டு அறையில் உட்கார வைத்து வெளியில் நாதாங்கியைப் போட்டார்கள். அவருக்குத் துணையாக முக்காலியில் சாயங்காலப் பலகாரம். அவர் தூங்கட்டும் என்று பெரிய அண்ணமிண்டி அரைமணி முன்னாலேயே காப்பியைக் கொண்டுபோய் வைத்திருந்தார், வழக்கத்துக்கு மேல் ஒரு மாத்திரையோடு. கத்தாமல் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நடு அண்ணமிண்டி உக்காரை என்கிற பருப்பு இனிப்பில் லேகியத்தைப் பிசைந்து வைத்திருந்தார். சின்ன அண்ணமிண்டியின் கணக்குத்தான் அபாரம். ஆள் கொல்லைப்புறத்திலேயே இருந்தால் முகப்புக்கு எப்படி வருவார் என்று, நாதாங்கி போட்டதை மறந்து, பாலையும் வைத்துவிட்டார். மூவரும் தனித்தனியாகப் போய், தனித்தனியாக வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு திரும்பியிருக்கிறார்கள்.

சம்பந்தி பெரிய ஆகிருதி. வாசற்படி ஏறும்போதே மோப்பம் பிடித்து, "உக்காரை கிண்டியிருக்கீக போலயே" என்றவர். அவரை உட்கார வைத்து, அண்ணன்மார், அண்ணமிண்டிமார், நான், கைக்குழந்தை உட்பட அத்தனை பேரும் வரிசையாக வந்து "வாங்க, வாங்க" என்றோம். எங்கள் பக்கம் அது சும்மா வார்த்தை இல்லை. வீட்டில் ஒருவர் 'வாங்க' சொல்லாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். சம்பந்தி காப்பித் தம்ளரைத் தொடாமல் சுற்றிப் பார்த்தார்.

"பெரியவுக எங்க?"

"சிவகங்கைக்குப் போயிருக்காக. கோர்ட்டு வேலை" என்றார் பெரிய அண்ணன்.

"ஞாயித்துக்கிழமையிலா?"

பெரிய அண்ணன் வாயைத் திறந்தார். அந்த நேரம் உள்ளே அப்பச்சி இருமினார். சாதாரண இருமல் இல்லை, ஒரு சுருதியில் ஆரம்பித்து மூன்றாம் கட்டு வரை போய்த் திரும்புகிற இருமல். சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த இருமலை நான் பர்மாவில, மோல்மீன் கிட்டங்கியில பக்கத்துப் பாயில படுத்து ரெண்டு வருஷம் கேட்டிருக்கேன்! சிவகங்கையில இருமுனா இம்புட்டுத் தெளிவாவா இங்குட்டுக் கேட்கும்?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நேரே இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டார். தடுக்கப் போன நடு அண்ணன் அவர் தோளில் மோதி ஒதுங்கினார். நாதாங்கியை அவர் எடுத்தார்.

"வாங்க, வாங்க" என்றார் அப்பச்சி, எழுந்து நின்று, கைகூப்பி. அதைவிடத் தெளிவாக ஒரு 'வாங்க' அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சம்பந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, முக்காலியை அவர் முன்னால் நகர்த்தினார். "எனக்குப் பசியில்லை. நீங்க சாப்பிடுங்க."

பெரிய அண்ணமிண்டி, "அது ஆறிப்போச்சு, வேற கொண்டாறேன்" என்று பதறினார். நடு அண்ணமிண்டி, "அது இனிப்பு கம்மி" என்றார். சின்ன அண்ணமிண்டி, "அது பூனை வாய் வச்ச பாலு" என்றார். மூவரும் ஒரே நேரத்தில் சொன்னதாலும், சம்பந்திக்கு உக்காரை கண்ணில் பட்டுவிட்டதாலும் ஒன்றும் எடுபடவில்லை. காப்பி ஒரே மடக்கு. உக்காரை வழித்து. பாலைக் கடைசியாகக் குடித்துவிட்டு, "பூனைக்கு நல்ல ருசி தெரியும்" என்றார்.

முகப்புக்கு வந்து பேச்சு ஆரம்பமானது. ஜாதகம் பேசினார்கள், முகூர்த்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பேசிக்கொண்டே இருந்தார். சம்பந்தியின் கண்ணிமை மெதுவாக இறங்கியது. தாடை மார்பில் விழுந்தது. "அண்ணே, தை மாசம் சரிதானே?" என்று தம்பி உலுக்கியதும் விழித்து, சுவரில் மாட்டியிருந்த எங்கள் பாட்டனார் படத்தைப் பார்த்தார். அந்த மீசையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "ரெண்டு பக்கமும் ரெண்டு அணில் தொங்குது பாரு!" என்றார். தேக்குத் தூணைக் கட்டிக்கொண்டு, "நீதான்யா இந்த வீட்டில உருப்படியா நிக்கிற ஆளு" என்றார். தூணிடம் தன் மகனுக்குப் பெண் கேட்டார். தூண் பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு தூங்கினார். திடீரென்று கண்ணை விழித்து, வயிற்றைப் பிடித்து, "கொல்லைப்புறம் எங்குட்டு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேல்துண்டு ஒரு முற்றத்தில் விழுந்தது, மூக்குக்கண்ணாடி இன்னொரு முற்றத்தில்.

மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "எங்க அண்ணனுக்கு என்னத்தைக் குடுத்தீக? மருந்து வச்சிட்டீகளா? பொண்ணைக் கட்டுறதுக்கு மருந்தா வைக்கிறீக?"

இதைவிடப் பெரிய பழி எங்கள் ஊரில் கிடையாது. கல்யாணம் நிற்பது மட்டும் இல்லை, இனி அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். பெரிய அண்ணமிண்டி ஓவென்று அழுதுவிட்டார்.

"சத்தியமா உங்க அண்ணனுக்கு வைக்கலைங்க. மாமாவுக்குத்தான் வச்சேன். தூக்க மாத்திரைதான்!"

"நானும் மாமாவுக்குத்தான்" என்றார் நடு அண்ணமிண்டி. "லேகியம். ஒரு உருண்டைதான்."

எல்லோரும் சின்ன அண்ணமிண்டியைப் பார்த்தோம். அவர் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணன்மார் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாங்காய் திருட ஏறிய மூன்று சிறுவர்கள் ஒரே கிளையில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ, லேகியமே சாப்பிடாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்புக்கு நடுவில்தான் அது தலையில் உறைத்தது. தூக்கம், சிரிப்பு, ஓட்டம். அப்பச்சியின் பைத்தியம் முழுவதும் அந்த முக்காலியில் இருந்திருக்கிறது. அப்போது வந்த கோபம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

சம்பந்தி திரும்பி வர நேரமானது. முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தம்பி நடந்ததை எல்லாம் சொன்னார். சம்பந்தி கோபப்படவில்லை. அப்பச்சியைத்தான் பார்த்தார்.

"ஒரு சாயங்காலத்துக்கே என் சீவன் போயி வந்துச்சு. நீ எத்தனை நாளா இதைச் சாப்பிடுற?"

அப்பச்சி வாசற்படியில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "எனக்குக் காலையில தூக்கம், மத்தியானம் சிரிப்பு, ராத்திரி ஓட்டம். பிரிச்சுப் பிரிச்சுக் குடுத்தாக. உனக்குத்தான் ஒரே நேரத்தில மூணும்" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நான் நிசமாவே கலங்கிட்டேன்னு நினைச்சேன்யா. ராத்திரி படுக்கிறப்ப, நாளைக்கு எம் பேரு எனக்குத் தெரியுமான்னு நினைச்சுக்கிட்டுத்தான் படுப்பேன்."

பெரிய அண்ணன் அப்பச்சியின் காலில் விழுந்தார். தாங்கள் பின்தங்கிவிடக் கூடாதென்று மற்ற இருவரும் கூடவே விழுந்தார்கள். "நல்லதுக்குத்தான் அப்பச்சி செஞ்சோம்" என்றார் பெரிய அண்ணன். பொய் இல்லை. நல்லதுக்குத்தான் செய்தார்கள். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

"அது கிடக்கட்டும். முதல்ல இவனுக்கு என்ன வியாதின்னு மருந்து குடுத்தீக?" என்று கேட்டார் சம்பந்தி.

நான்தான் சொன்னேன். "தனியா ஒரு அடுப்பு கேட்டாக."

"இதுக்கா?" என்றார் சம்பந்தி. அவரும் மனைவியை இழந்தவர், பள்ளத்தூரில் இரண்டு மகன்கள் அடுப்பில் முறை வைத்துச் சாப்பிடுகிறவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. "நல்லவேளை, நான் எங்க வீட்டில வாயைத் திறந்து கேட்கலை" என்று தன் தம்பியைப் பார்த்துச் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தூணடியில் உட்கார்ந்தார். "எனக்கு வயித்துக்குக் கஞ்சி வேணும். உங்க மூணு அடுப்பிலயும் இனிமே நான் பச்சைத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன். இவன் கையால பொங்கினாக் குடிப்பேன். குடிச்சிட்டுத்தான் கல்யாணப் பேச்சு."

நடு அண்ணன் பூட்டைத் திறந்தார். சின்ன அண்ணன் தீப்பெட்டியைக் கொடுத்தார். அப்பச்சி ஆத்தாவின் அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. அடுப்பு பற்ற அரை தீப்பெட்டி ஆனது. கஞ்சி அடிப்பிடித்து, மேலே தண்ணீராகவும் கீழே கரியாகவும் இருந்தது. உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டார். சம்பந்திக்கு ஊற்றுமுன் ஒரு கரண்டி தன் வாயில் ஊற்றிக் காட்டினார். "பார்த்துக்க. இது கஞ்சி. வேற ஒண்ணும் இல்லை" என்றார். அரைப்புள்ளிகள் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கண்ராவியைக் குடித்து முடித்தன. எங்கள் அண்ணமிண்டிமார் சமைத்த எதையும் அப்பச்சி அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அப்பச்சியின் தூக்கமும் சிரிப்பும் ஓட்டமும் நின்றன. துக்கம் மட்டும் நிற்கவில்லை, ஆனால் அதற்கு ஓர் அடுப்பு கிடைத்துவிட்டது. புகை கண்ணில் பட்டதென்று சொல்லிக்கொண்டு அவர் அங்கே அழுவார். நாங்களும் புகை என்றே வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து வீட்டில் புதிதாக ஒரு சட்டம் வந்தது. அப்பச்சிக்கு யார் எதைக் கொடுத்தாலும், கொடுக்கிறவர் அவர் கண்முன்னே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

ஏழெட்டு வருடம் கழித்து, எழுபதுகளில், அப்பச்சிக்கு உண்மையாகவே மறதி வந்தது. இந்த முறை யார் சட்டியிலும் காரணம் இல்லை. உலையை வைத்துவிட்டு மறந்துபோவார். யாராவது ஒருவர் அடுப்படியில் கூட இருப்போம், அடுப்பை மட்டும் பிடுங்கவில்லை. டாக்டர் வீட்டுக்கு வந்து அவரைத் தொட்டுப் பார்த்து, அவரோடு பேசி மாத்திரை கொடுத்தார். அப்பச்சி தினமும், "இது எதுக்கு?" என்று கேட்பார். தினமும் சொல்வோம். சொல்லி முடிப்பதற்குள் மறந்துவிட்டு மறுபடி கேட்பார், மறுபடி சொல்வோம். சில நாள் "வேண்டாம்" என்பார். அன்றைக்கு மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். டாக்டர் எங்களைத் திட்டுவார். காப்பியில் போட்டுக் கொடுக்கலாமே என்று ஒருமுறை சொன்னார். பெரிய அண்ணமிண்டி அவரை முறைத்த முறைப்பில் அவருக்குப் பெட்டியை மூடக்கூட நேரமில்லாமல் போயிற்று.

கடைசி வருடம் நான் தேவகோட்டையிலிருந்து போயிருந்தபோது அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அண்ணன்மாரையும் தெரியவில்லை. "வாங்க, வாங்க" என்றார். "எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார். "தேவகோட்டைங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? காப்பி ஆற்றிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். தம்ளரை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்ளரை என் பக்கமே திருப்பி நீட்டினார்.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

குடித்தேன். நான் தூங்குகிறேனா, சிரிக்கிறேனா, எழுந்து ஓடுகிறேனா என்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் வாங்கிக் குடித்தார்.